வாடகை வருமானம்: புரோக்கர் சொல்ற கணக்கும் கைக்கு வர்ற கணக்கும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி அப்பாகிட்ட இருந்து போன். "ஏம்மா, மடிப்பாக்கத்துல ஒரு ஃபிளாட் பார்த்திருக்கேன். ரெண்டு பெட்ரூம், 950 சதுர அடி, பன்னிரண்டு வருஷம் பழசு. 65 லட்சம் சொல்றாங்க. வாடகை 18,000 உறுதியா வரும்னு புரோக்கர் சொல்றார். வெள்ளிக்கிழமை டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துடலாம்னு இருக்கேன்."

அப்பா ரிடயர் ஆகி கைக்கு வந்த பணம், அம்மாவும் அவரும் இத்தனை வருஷம் சேர்த்து வெச்ச ஃபிக்ஸட் டெபாசிட், எல்லாம் சேர்த்து 75 லட்சம் இருக்கு. அதாவது இது முழுக்க போகப்போற முடிவு. எனக்கு மூணு நாள் இருந்தது. ஒரு ஷீட்டைத் திறந்து உட்கார்ந்தேன். அந்த ஷீட்டைத்தான் இன்னைக்கு உங்ககூட சேர்ந்து ஒவ்வொரு வரியா படிக்கப்போறேன். நீங்க வாங்கப்போறது வேற ஊரா இருக்கலாம், வேற விலையா இருக்கலாம். வரிகள் இதேதான், எண்களை மட்டும் மாத்திக்குங்க.

முதல்ல புரோக்கர் கணக்கு. மாசம் 18,000, வருஷத்துக்கு 2,16,000. அதை 65 லட்சத்தால வகுத்தா 3.3%. "இது வாடகை மட்டும் சார், விலை ஏறுறது தனி"ன்னு அவர் சொன்னாராம். பொய் ஒண்ணும் சொல்லல. ஆனா இந்த 3.3% யார் கைக்கும் வராத ஒரு எண். ஏன்னு பார்க்கலாம்.

உள்ளே நுழையுற செலவு

65 லட்சம்ங்கிறது வீட்டோட விலை. வீட்டுக்காக நம்ம பையில இருந்து போற பணம் அது இல்ல.

தமிழ்நாட்டுல பழைய ஃபிளாட் வாங்கினா முத்திரைத்தாள் கட்டணம் 7%, பதிவுக் கட்டணம் 2%. மொத்தம் 9%. 65 லட்சத்துக்கு 5,85,000 ரூபாய். பத்திரத்துல போடுற விலை அரசோட வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவா இருந்தா, வழிகாட்டி மதிப்புக்குத்தான் கட்டணம்.

புரோக்கர் கமிஷன் 1% பேசியிருந்தார். 65,000. வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து, பத்திரம் எழுதுற செலவு எல்லாம் சேர்த்து 25,000 வெச்சேன். பன்னிரண்டு வருஷ வீட்டை வாடகைக்கு விடுற நிலைக்குக் கொண்டுவரணும். பெயின்டிங், பாத்ரூம் குழாய், ஹீட்டர், கொசுவலைக் கதவு, கொஞ்சம் வயரிங். 1,75,000 போட்டேன்.

கூட்டினா 8,50,000. ஆக, அப்பா போடப்போறது 65 லட்சம் இல்ல, 73.5 லட்சம். அதே 2,16,000-ஐ இப்போ வகுத்தா 2.9%. சாவி கைக்கு வர்றதுக்கு முன்னாடியே 3.3% இங்க வந்துடுச்சு.

இங்க ரெண்டு விஷயம் சேர்த்துச் சொல்லிடறேன். புது ஃபிளாட்டை பில்டர்கிட்ட இருந்து முதல் விற்பனையா வாங்கினா பத்திரச் செலவு கொஞ்சம் குறையும்: 50 லட்சம் வரை மொத்தம் 6%, அதுக்கு மேல 3 கோடி வரை 7%. ஆனா கட்டிட்டு இருக்கும்போதே வாங்கினா 45 லட்சத்துக்கு மேல உள்ள ஃபிளாட்டுக்கு 5% ஜி.எஸ்.டி. சேரும். கட்டி முடிச்சு நிறைவுச் சான்று வாங்கின பிறகு வாங்கினா ஜி.எஸ்.டி. இல்ல. வாடகைக்காக வாங்குறவங்களுக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம், ஏன்னா கட்டி முடியுற வரைக்கும் வாடகையும் கிடையாது.

ரெண்டாவது, விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்தா, விக்கிறவருக்குக் கொடுக்கிற பணத்துல 1% டி.டி.எஸ். பிடிச்சு நாமதான் வருமான வரித்துறைக்குக் கட்டணும். இது கூடுதல் செலவு இல்ல, அவர் பணம்தான். ஆனா மறந்தா அபராதம் நமக்கு வரும்.

வருஷா வருஷம் கசியுற பணம்

வாடகை வீடு வெச்சிருக்கிறவங்க யாரைக் கேட்டாலும் "பெரிசா செலவு ஒண்ணும் இல்ல"ன்னுதான் சொல்லுவாங்க. பொய் சொல்றாங்கன்னு இல்ல. செலவு மொத்தமா வர்றதில்ல, அங்க ஒரு மூவாயிரம், இங்க ஒரு ஐயாயிரம்னு வரும். எழுதி வெச்சாத்தான் தெரியும்.

நான் எழுதினது இது.

ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாறுவாங்கன்னு வெச்சேன். மாறும்போது ஒரு மாசம் வீடு காலியா இருக்கும், ஒரு மாச வாடகை புரோக்கருக்குப் போகும். ரெண்டு வருஷத்துக்கு 36,000, அப்போ வருஷத்துக்கு 18,000.

சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு தடவை மாநகராட்சிக்கு. அதுக்கு வருஷம் 5,000, குடிநீர்-கழிவுநீர் வாரியத்துக்கு 3,000. இது உங்க தெரு, உங்க பரப்பளவைப் பொறுத்து மாறும். விக்கிறவர்கிட்ட கடைசி ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்க. பாக்கி இருக்கான்னும் தெரிஞ்சிடும்.

அசோசியேஷன் மாசாந்திரம் பெரும்பாலும் குடியிருக்கிறவங்க கட்டுவாங்க. ஆனா லிஃப்ட் மாத்தணும், போர் ஆழப்படுத்தணும், வெளிச்சுவர் பெயின்ட் அடிக்கணும்னா ஓனர்கிட்டதான் வருவாங்க. பன்னிரண்டு வருஷக் கட்டடத்துல இதெல்லாம் வரிசையா வரப்போகுது. வருஷத்துக்கு 12,000 ஒதுக்கினேன்.

வீட்டுக்குள்ள ரிப்பேர் இன்னொரு 12,000. காப்பீடு 3,000.

மொத்தம் 53,000. 2,16,000-ல அதைக் கழிச்சா 1,63,000. அதை 73.5 லட்சத்தால வகுத்தா 2.2%.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. நீங்க வாடகை பேசும்போது "மெயின்டெனன்ஸ் உள்பட 18,000"ன்னு பேசினா இந்தக் கணக்கு இன்னும் கீழ போகும். மாசம் 2,500 மெயின்டெனன்ஸ்னா வருஷத்துக்கு 30,000 போச்சு. "வாடகை எவ்வளவு"ன்னு மட்டும் கேக்காதீங்க, "மெயின்டெனன்ஸ் சேர்த்தா, சேர்க்காமலா"ன்னு கேளுங்க.

அட்வான்ஸ் பத்தியும் ஒரு வார்த்தை. முன்னாடி சென்னையில பத்து மாச வாடகையை அட்வான்ஸா வாங்கி பேங்க்ல போட்டு வட்டி எடுத்தவங்க உண்டு. 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லேன்னா, மூணு மாச வாடகைக்கு மேல முன்பணம் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தை எழுதி வாடகை ஆணையத்துல பதிவு பண்ணவும் வேணும். நாளைக்கு ஒரு தகராறு வந்தா அந்தப் பதிவுதான் நம்மகிட்ட இருக்கிற ஆதாரம். அதனால அட்வான்ஸ் வட்டியை வருமானமா நான் சேர்க்கவே இல்ல.

வரி: 30%-க்குள்ள எல்லாம் அடங்கணும்

வாடகை வருமானத்துக்கு வரி எப்படின்னா, வாங்கின வாடகையில சொத்து வரியைக் கழிச்சு, மீதியில 30% தள்ளுபடி கொடுப்பாங்க. நிறைய பேர் இதைக் கேட்டதும் "அடேங்கப்பா 30%"னு சந்தோஷப்படுவாங்க. அந்த 30%-தான் உங்க ரிப்பேர், புரோக்கர், காப்பீடு, அசோசியேஷன் எல்லாத்துக்கும். நீங்க ஒரு ரூபாய் செலவு பண்ணாலும் 30%, வாடகையில பாதியைச் செலவு பண்ணாலும் 30%. பெயின்டர் பில்லைத் தனியா காட்ட முடியாது. வீட்டுக்கடன் வட்டி மட்டும் தனிக் கழிவு.

அப்பாவோட பென்ஷனும் இந்த வாடகையும் சேர்ந்தாலும் வருஷம் 12 லட்சத்தைத் தாண்டாது. புதிய வரிமுறையில அவருக்கு வரி இல்ல. அவரோட 2.2% அப்படியே 2.2%.

ஆனா இதே ஃபிளாட்டை 30% வரி வரம்புல இருக்கிற ஒருத்தர் வாங்கினா? காலி மாசம் போக வர்ற சராசரி வாடகை 2,07,000. சொத்து வரி 5,000 போக 2,02,000. அதுல 30% போக 1,41,400-க்கு வரி. செஸ்ஸோட சேர்த்து 44,000 சொச்சம். கைக்கு மிஞ்சுறது 1,19,000. 73.5 லட்சத்துக்கு 1.6%.

சேவிங்ஸ் அக்கவுன்ட்ல சும்மா கிடக்கிற பணம் ஞாபகத்துக்கு வருதா? எனக்கும் வந்தது.

"வாடகையிலேயே இ.எம்.ஐ. ஓடிடும்"

இது அப்பாவுக்கான பகுதி இல்ல, நமக்கான பகுதி. ஏன்னா கேக்குற நம்மள்ல நிறைய பேர் கடன் வாங்கித்தான் வாங்குவோம்.

30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்குமான கடனுக்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி பேங்க் வீட்டு மதிப்புல 80% வரைக்கும்தான் கொடுக்கும். 65 லட்சத்துக்கு 52 லட்சம். பத்திரச் செலவை அந்த மதிப்புல சேர்த்துக்க மாட்டாங்க. அப்போ நம்ம கையில இருந்து போறது 13 லட்சம், கூடவே அந்த 8.5 லட்சம். மொத்தம் 21.5 லட்சம் ரொக்கமா வேணும். "20% இருந்தா போதும்"னு போனவங்க பதிவுக்கு முந்தின வாரம் பர்சனல் லோன் எடுக்கிறது இங்கதான்.

52 லட்சம், 8.5% வட்டி, 20 வருஷம். இ.எம்.ஐ. 45,100 ரூபாய். வாடகை 18,000. மாசம் 27,000 நம்ம சம்பளத்துல இருந்து போகும், அதுவும் வீடு காலியா இல்லாத மாசத்துல. முதல் வருஷம் வட்டி மட்டும் சுமார் 4.38 லட்சம், வாடகை 2.16 லட்சம். வாடகை வட்டியில பாதியைக்கூடத் தொடல. அசல் பத்தி பேசவே வேணாம்.

"வரியில மிச்சமாகுமே"ன்னு கேப்பீங்க. பழைய வரிமுறையில இந்த நஷ்டத்தை வருஷம் 2 லட்சம் வரைக்கும் சம்பள வருமானத்துல கழிக்கலாம். புதிய வரிமுறையில வட்டியை வாடகையில மட்டும்தான் கழிக்க முடியும், சம்பளப் பக்கம் கொண்டுபோக முடியாது. நீங்க எந்த முறையில இருக்கீங்கன்னு பார்த்துட்டு அப்புறம் அந்த வாக்கியத்தைச் சொல்லுங்க.

சுருக்கமா, 2.2% தர்ற ஒரு பொருளை 8.5%-க்குக் கடன் வாங்கி வாங்குறோம். நடுவுல இருக்கிற 6.3%-ஐ விலை ஏற்றம் நிரப்பணும். நிரப்பலாம், நிரப்பாமலும் போகலாம். ஆனா அப்போ நாம பண்றது வாடகை முதலீடு இல்ல, விலை ஏறும்ங்கிற பந்தயம். பந்தயம் கட்டறது தப்புன்னு சொல்லல. தெரிஞ்சு கட்டுங்க.

விலை ஏறுமே?

அப்பாவும் இதைத்தான் கேட்டார். அவர் கேள்வி நியாயமானது. அதனால பத்து வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தேன். விலை வருஷத்துக்கு 5% ஏறுதுன்னு நானா ஒரு எண் வெச்சேன். வாடகையும் அதே வேகத்துல ஏறும்னு வெச்சேன்.

65 லட்சம் பத்து வருஷத்துல 1 கோடியே 5.9 லட்சம் ஆகுது. விக்கும்போது புரோக்கருக்கு 1%. லாபத்துக்கு வரி 12.5%, பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாம. 2024 ஜூலை 23 முதல் இதுதான் விதி. அதுக்கு முன்னாடி வாங்கின வீடுன்னா 20% பழைய முறையையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதை எடுத்துக்கலாம். பத்திரச் செலவையும் வாங்கும்போது கொடுத்த கமிஷனையும் வாங்கின விலையோட சேர்த்துக் காட்டலாம், அதனால அந்த ரசீதை எல்லாம் பத்திரமா வைங்க. எல்லாம் போக கைக்கு 1 கோடி சொச்சம் வரும்.

73.5 லட்சம் போட்டு, பத்து வருஷ வாடகையும் எடுத்து, கடைசியில இதை வாங்கினா வருஷத்துக்கு சுமார் 5.5% வருமானம். விலை 5% ஏறினாத்தான் இது. ஏறலேன்னா இல்ல.

இங்க ஒரு விஷயம் கவனிக்கணும். ஃபிளாட்ல ஏறுறது நிலத்தோட விலை, கட்டடம் வருஷா வருஷம் தேயுது. அதனால பத்திரத்துல யு.டி.எஸ்., அதாவது நம்ம பேருக்கு வர்ற பிரிக்கப்படாத நிலப் பங்கு, எத்தனை சதுர அடின்னு பாருங்க. மூணு மாடிப் பழைய கட்டடத்துல இது தாராளமா இருக்கும். பதினைஞ்சு மாடிக் கட்டடத்துல நீச்சல் குளம் இருக்கும், நிலப் பங்கு கொஞ்சமாத்தான் இருக்கும். ரெண்டும் ஒரே விலைன்னா எது பத்து வருஷம் கழிச்சு ஏறியிருக்கும்னு யோசிங்க.

வியாழக்கிழமை ராத்திரி

ஷீட்டை எடுத்துக்கிட்டு தாம்பரம் வீட்டுக்குப் போனேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியா பார்த்தார். பெயின்டிங்குக்கு நான் போட்டது ஜாஸ்தின்னார். காப்பீடு எதுக்குன்னார். கடைசி வரிக்கு வந்து பேசாம இருந்தார்.

அப்புறம் நான் இன்னொரு எண்ணைக் காட்டினேன். 60 வயசு தாண்டினவங்களுக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கு. ஒருத்தர் 30 லட்சம் வரைக்கும் போடலாம். இந்த எபிசோடைப் பதிவு பண்ணும்போது வட்டி 8.2%. 30 லட்சத்துக்கு வருஷம் 2,46,000. மூணு மாசத்துக்கு ஒரு தடவை 61,500 கணக்குல விழும்.

"73 லட்சம் போட்டா 1,63,000. 30 லட்சம் போட்டா 2,46,000. அப்படித்தானே சொல்றே?"

"ஆமாப்பா."

"வட்டி அப்படியே நிக்கும். வாடகை ஏறும்மா."

அவர் சொன்னது சரி. அஞ்சு வருஷத்துக்கு அந்த 61,500 அதேதான், அரிசி விலை அதே இருக்காது. போட்ட 30 லட்சமும் 30 லட்சமாவேதான் திரும்பி வரும். வீடு அப்படி இல்ல. இதை நான் மறுக்கல. என் கவலை வேற. 75-ல 73.5 போயிடுச்சுன்னா கையில ஒன்றரை லட்சம். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆச்சு. ஆஸ்பத்திரி பில்லுக்காக ஒரு பெட்ரூமை மட்டும் தனியா விக்க முடியாது.

அப்பா ரொம்ப நேரம் கழிச்சு இன்னொரு காரணம் சொன்னார். "பேங்க்ல பணம் இருக்குன்னு தெரிஞ்சா யாராவது கேப்பாங்க. இல்லேன்னு சொல்ல எனக்கு வராது. வீடா இருந்தா யாரும் கேக்க முடியாது." இதுக்கு என் ஷீட்ல வரி இல்ல. அவர் சொல்ற ஆள் யாருன்னு எங்க மூணு பேருக்கும் தெரியும்.

அம்மாதான் சமையலறையில இருந்து சொன்னாங்க: "அதுக்காக 73 லட்சத்துக்கு ஒரு பூட்டு வாங்கணுமா?"

என்ன ஆச்சு?

வெள்ளிக்கிழமை அப்பா டோக்கன் கொடுக்கல. 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் திட்டத்துல போட்டார். ஆபரேஷனுக்கு ஒரு தொகையைத் தனியா வெச்சார். மீதியை டெபாசிட்லயே வெச்சிருக்கார். வீட்டு ஆசை போகல, தினமும் காலையில விளம்பரம் பார்க்கிறார். ஆனா இப்போ திருப்பிக் கணக்குப் போடக் கத்துக்கிட்டார். 18,000 வாடகை வர்ற வீட்டுல செலவு போக 3% வேணும்னா, மொத்தச் செலவு 54 லட்சத்துக்குள்ள முடியணும். அப்போ விலை 47, 48 லட்சம். அந்த எண்ணை புரோக்கர்கிட்ட சொன்னாராம். புரோக்கர் சிரிச்சாராம். அப்பாவும் சிரிச்சுட்டு போனை வெச்சுட்டார்.

வாடகை வருமானம் எப்போ நல்லா வேலை செய்யும்னும் சொல்லணும். ஏற்கெனவே நிலம் நம்மளோடதா இருந்து மேல ஒரு மாடி எடுத்தா, போடுறது கட்டுமானச் செலவு மட்டும்தான், விகிதம் மாறிடும். பரம்பரையா வந்த வீடுன்னா நுழையுற செலவு ரொம்பக் குறைவு. சின்னத் தொகையில கட்டட வாடகையில பங்கு வேணும்னா ரெயிட்னு ஒண்ணு இருக்கு. இந்தியாவுல 2019-ல எம்பஸி முதல்ல பட்டியலிடப்பட்டுச்சு. வடபழனி நெக்ஸஸ் விஜயா மாலோட வாடகைகூட நெக்ஸஸ் செலக்ட் டிரஸ்ட்ங்கிற ரெயிட்டுக்குத்தான் போகுது. பகிரக்கூடிய நிகர பணவரவுல குறைஞ்சது 90%-ஐ யூனிட் வெச்சிருக்கிறவங்களுக்குக் கொடுக்கணும்னு விதி. யூனிட் விலை தினமும் ஏறும், இறங்கும். அதைத் தனியா ஒரு எபிசோடுல பேசுவோம்.

இன்னைக்கு நீங்க எடுத்துட்டுப் போகவேண்டியது மூணு கேள்வி. மொத்தமா என் கையில இருந்து எவ்வளவு போகுது, வீட்டு விலை மட்டும் இல்லாம? வருஷக் கடைசியில வரி கட்டின பிறகு எவ்வளவு மிஞ்சுது? விலை ஏறவே இல்லேன்னா நான் இதை வாங்குவேனா? மூணாவது கேள்விக்கு "மாட்டேன்"னு பதில் வந்தா, நீங்க வாங்குறது வாடகையை நம்பி இல்லன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

உங்க வீட்டுல இந்தப் பேச்சு ஓடிக்கிட்டு இருந்தா, டோக்கன் கொடுக்கிறதுக்கு முந்தின ராத்திரி ஒரு தடவை சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் கூட இருக்கட்டும். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.